என் வேனை லாரி ஆக்கிய செவ்வாய்க்கிழமை

அனுப்புநர்:
குஷன் கடைக்காரர்,
கண்ணாடிக்கடைக்கு அடுத்த பட்டறை.
(பெயரும் கதவு எண்ணும் ஒட்டிய உறைக்குள் தனியாக உள்ளன. தங்கள் அலுவலகத்தில் முதல் பக்கத்தை வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள்.)

பெறுநர்:
வாகன வகைப்பாட்டு அதிகாரி அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: கார் என்று பதிவான என் வேனைச் சரக்கு வாகனம் என்று மாற்றியதை ரத்து செய்யவும், அதற்குப் பின்னால் இருந்து வேலை செய்த ஆள் யார் என்று விசாரித்துக் கண்டுபிடிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்தாறு வருடங்களாகக் குஷன் வேலை செய்கிறேன். சோபா, நாற்காலி, வண்டி சீட் எது கிழிந்தாலும் தைத்துக் கொடுப்பேன். என்னிடம் ஒரு வேன் இருக்கிறது. முன்னால் ஓட்டுநர் சீட்டும் அதன் பக்கத்தில் ஒரு சிறிய சீட்டும் உண்டு. பின்னால் ஜன்னலோரமாக ஒரே ஒரு சாய்வு சீட், நான்கு போல்ட் போட்டுத் தரையோடு பொருத்தியது. மிச்ச இடத்தில் சாமான் ஏற்றுவேன். பின்னால் நிலையான இருக்கையும் ஜன்னலும் இருந்தால் கார், இல்லையென்றால் சரக்கு வாகனம் என்பது தங்கள் அலுவலக விதி. ஆறு வருடங்களாக அந்த விதிப்படி என் வேன் கார்தான்.

2. அந்தச் சாய்வு சீட் என் மனைவிக்காக நானே செய்தது. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் படுத்து எழுந்தால் தலை சுற்றும், வாந்தி வரும். நிமிர்ந்து உட்கார முடியாது, சாய்ந்தே வர வேண்டும். ஊசி ஏற்றும் இடது கையை எதன் மீதும் அழுத்தக் கூடாது. ஆகவே கைப்பிடியை அகலமாக வைத்து, மூன்று விதமான ஃபோம் போட்டு, தையல் எதுவும் கையில் உறுத்தாதபடி அடிப்பக்கமாகத் திருப்பித் தைத்திருக்கிறேன். இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. அது சாமான் இல்லை, சீட் என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.

3. சம்பவம் நடந்தது சென்ற மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. கை வீங்கியிருந்ததால் கைப்பிடியை இரண்டு விரல் அகலப்படுத்த வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் கிடையாது என்பதால் அன்று சீட்டைக் கழற்றிப் பட்டறை மேசை மேல் வைத்திருந்தேன். வேனுக்குள் இரண்டு சோபா கயிற்றில் கட்டிக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத் தங்கள் ஆய்வாளர் வந்து நின்றார். எங்கள் பக்கத்தில் அவரை எல்லோரும் டேப் என்றுதான் சொல்வார்கள், கையில் அளக்கும் டேப் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாட்கள் அந்தச் சீட் வேனுக்குள் இருக்கிறது. அது வெளியே இருந்த ஒரே நாளில் டேப் எப்படி வந்தார் ஐயா? மூக்கில் வியர்த்தா வந்தார்?

4. அவருடைய அறிக்கையில் இரண்டு விஷயங்கள் உள்ளன. முதலாவது, "தரையில் இருக்கை பொருத்துவதற்கான துளைகள் காணப்படவில்லை." துளைகள் நான்கும் இருந்தன. சீட்டைக் கழற்றினால் துளைக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும் என்று மூடி போட்டு அடைத்து, மேலே ரப்பர் விரிப்பைப் போட்டு ஓரத்தை ரெக்ஸினால் மடித்து ஒட்டியிருந்தேன். டேப் குனிந்து கையால் தடவிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆணி எங்கே அடித்தது என்று தெரியாமல் செய்வதுதான் என் தொழில். அதைச் சரியாகச் செய்தேன் என்பதற்காக என் வண்டியை லாரி ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது, "வாகன உரிமையாளரிடம் இது சரக்கு வாகனம்தானே என்று கேட்கப்பட்டது. அவர் மறுப்புத் தெரிவிக்கவில்லை." உண்மைதான், தெரிவிக்கவில்லை. அப்போது என் வாயில் ஏழு ஆணிகள் இருந்தன. எங்கள் தொழிலில் ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்துத்தான் அடிப்போம். கையைக் காட்டி நிற்கச் சொன்னேன். ஆணிகளைத் துப்பிவிட்டு நிமிர்வதற்குள் டேப் எழுதி முடித்துவிட்டார். ஆறு வருடங்களாகப் பதிவான ஒன்றை ஏழு ஆணி நேரத்தில் மாற்ற முடியுமா? முன்பே எழுதிக்கொண்டு வந்திருந்தார் என்பது என் சந்தேகம்.

5. அன்று சீட்டைக் கழற்றப் போகிறேன் என்பது தெரிந்தவர்கள் மூன்றே பேர். என் மனைவிக்கும் தெரியும், வீட்டு ஆளை இதில் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அந்த மூன்று பேரையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

முதல் நபர் கண்ணாடிக்கடைக்காரர். என் வேன் நிற்கும் இடத்தின் மேல் அவருக்கு நான்கு வருடங்களாகக் கண். எங்கள் தெருவில் பகல் நேரத்தில் சரக்கு வாகனம் நிறுத்தக் கூடாது என்று பலகை இருக்கிறது. என் வேன் லாரியானால் இடம் அவருக்கு. டேப் வந்த அன்று அவர் ஒரே கண்ணாடியை அரை மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் எங்கள் பட்டறை முழுவதும் தெரியும்.

இரண்டாவது நபர் மாடிவீட்டு டைப்பிஸ்ட் அக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஜன்னலிலிருந்து ஓய்வு பெறவில்லை. ஆணி அடிக்கிற சத்தம் என்று என்னிடம் ஆறு முறை புகார் சொல்லியிருக்கிறார். மனு எழுதும் கலை அவருக்குக் கைவந்தது.

மூன்றாவது நபர் என் மைத்துனர், மனைவியின் தம்பி. முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், கிளம்பும்போது வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாமா, இத இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க?" என்று கேட்டார். அதில் என்ன உள்நோக்கம் என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. போகும்போது ஒரு கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார், எடுக்கவே இல்லை.

6. உத்தரவு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தது. என் மனைவிதான் பிரித்துப் படித்து என்னிடம் கொடுத்தார். நான் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் மட்டும் நிதானமாக, "சரி விடுங்க, இதுவும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்" என்றார். உடம்பு அப்படி இருந்தும் எனக்கு ஆறுதல் சொல்கிற மனம் அவருக்கு.

7. சரக்கு வாகனத்தின் பின்புறத்தில் ஆள் ஏறக் கூடாது. மருத்துவமனை இருக்கும் சாலைக்குள் பகலில் நுழையவும் கூடாது, வாயிலில் இரும்புத் தடுப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாடகைக் காரில் கூட்டிப்போனேன். வரும் வழியில் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்து, நடுச் சாலையில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். ஓட்டுநர் இறங்கி சீட்டைத்தான் துடைத்தார். எனக்கு அன்று வந்த கோபத்தை இந்தக் காகிதத்தில் எழுத முடியாது.

8. இனி வருவதைத் தயவுசெய்து ஊன்றிப் படிக்கவும். திங்கட்கிழமை காலை மருத்துவமனையின் நோயாளி வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது! மூன்று வருடங்களுக்கு முன் அந்த வண்டியைக் கேட்டபோது இல்லை என்று சொன்னவர்கள் அவர்கள். இப்போது கேட்காமலேயே வருகிறார்கள். தங்கள் அலுவலகத்தில் வியாழக்கிழமை வெளிவந்த சங்கதி திங்கட்கிழமைக்குள் மருத்துவமனைக்கு எப்படிப் போனது? ஆக இது ஒரு ஆள் வேலை இல்லை. தொடர்பு இருக்கிறது.

அந்த வண்டியை நான் நம்பவில்லை. ஆகவே மூன்று வாரங்களாக ஒவ்வொரு முறையும் என் வேனில் அதன் பின்னாலேயே போகிறேன். தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் வெளியே வரும் வரை நிற்கிறேன். காலையில் அந்த வண்டி ஒழுங்காகத்தான் போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போதுதான் கொடுமை. எல்லா நோயாளிகளும் முடித்து வரும் வரை நடைபாதை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து கடைகளின் நாற்காலிகள் பட்டறையில் வயிறு கிழிந்து கிடக்கின்றன.

9. ஆகவே உத்தரவை ரத்து செய்து என் வேனை மறுபடி கார் என்று பதிய வேண்டும். மொட்டைக் கடிதம் ஏதேனும் வந்திருந்தால் அதன் நகலை எனக்குத் தர வேண்டும். எழுதியவரையும் கூட்டாளிகளையும் கண்டுபிடித்து என் முன்னால் நிறுத்த வேண்டும். மேல்முறையீட்டுக்கு இன்னும் எட்டு நாட்களே உள்ளன என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

(ஒப்பம்)
செவ்வாய்க்கிழமை

கூடுதல் தாள்

10. ஐயா, மேலே உள்ள ஒன்பது பத்திகளை நான் செவ்வாய்க்கிழமை கொடுத்தேன். இந்தக் கூடுதல் தாளை வியாழக்கிழமை மாலை எழுதுகிறேன். இன்று காலை மொட்டைக் கடிதத்தின் நகல் என் கையில் கிடைத்தது. மனுவைத் திருப்பித் தாருங்கள் என்று கவுன்ட்டரில் கேட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை விழுந்துவிட்டது, உருவ முடியாது, வேண்டுமானால் கூடுதல் தாள் சேர்க்கலாம் என்றார்கள். ஆகவே சேர்க்கிறேன். முன்னால் உள்ளதைப் படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடுங்கள்.

11. மொட்டைக் கடிதத்தில் இருப்பது இதுதான். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"ஐயா, எங்க தெருவுல குஷன் கடைக்காரர் வேன் ஒண்ணு இருக்கு. அத கார்னு எழுதி வச்சிருக்கீங்க. அது கார் இல்ல. அதுல ஏறுறது சோபாவும் நாற்காலியும்தான். ஒரே ஒரு ஆள்தான் வாரத்துல மூணு நாள் ஏறும். அந்த ஆள இறக்கி விட்டுட்டா அது முழுசா லாரிதான். வீட்டுல கார் இருக்குன்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரி வண்டிய அந்த ஆளுக்குத் தர மாட்டேங்கறாங்க. லாரின்னு ஒரு பேப்பர் இருந்தா தருவாங்க, நான் விசாரிச்சுட்டேன். வர்ற செவ்வாய்க்கிழமை சீட்ட கழட்டி வைப்பார். அன்னைக்கு வந்து பாருங்க. மத்த நாள்ல வந்தா கார் மாதிரியேதான் தெரியும், அவ்வளவு நேர்த்தியா தைச்சிருக்கார். அவர் மேல நடவடிக்கை எதுவும் எடுத்துடாதீங்க, நல்ல மனுஷன். சந்தேகம்தான் ஜாஸ்தி. வேலையில அவ்வளவு கெட்டிக்காரர், வேலை செய்யத்தான் நேரம் இல்ல. பத்து மணிக்கு மேல வாங்க. அதுக்கு முன்னாடி வந்தா சாப்பிடாமலே உங்க பின்னாடி ஓடி வருவார். இப்படிக்கு, நல்லது நினைக்கும் ஒருவர்."

12. முதலில் இதை மூன்று முறை படித்தும் எனக்கு உறைக்கவில்லை, கையெழுத்தை வேண்டுமென்றே கோணலாக மாற்றி எழுதியிருந்தது. டைப்பிஸ்ட் அக்கா என்றால் டைப் அடித்திருப்பார், ஆகவே கண்ணாடிக்கடைக்காரர்தான் என்று கிளம்பி அவர் கடை வாசல் வரை போய்விட்டேன். வெளிச்சத்தில் நகலை நீட்டும்போதுதான் எழுத்துகளுக்கு நடுவே வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. நாங்கள் துணி வெட்டுவதற்கு முன் காகிதத்தில் அளவு வைத்து, பல்சக்கரத்தை உருட்டிக் கோடு போடுவோம். அந்தச் சக்கரம் குத்திய புள்ளிகள் நகலிலும் விழுந்திருந்தன. அந்தப் புள்ளிகள் போகும் வளைவு எனக்குத் தெரியும். அது ஒரு கைப்பிடியின் அளவு. இரண்டு விரல் அகலப்படுத்துவதற்காக நான் முன்கூட்டியே அளவெடுத்து, அட்டைக்கு மாற்றியதும் வீட்டு மேசை மேல் போட்டுவைத்த காகிதம். அந்த அளவில் இந்த உலகத்தில் வேறு சீட் கிடையாது.

அப்புறம்தான் அந்தச் சாப்பாட்டு வரி கண்ணில் பட்டது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் எவன் ஐயா நான் சாப்பிட்டேனா என்று கவலைப்படுவான்?

கண்ணாடிக்கடைக்காரர், "என்ன அண்ணே, ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்று ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அந்த ஸ்டூலின் குஷன் கிழிந்திருந்தது. எடுத்து வந்து தைத்துக்கொண்டிருக்கிறேன்.

13. அவள் என்னிடம் பல முறை சொன்னாள், "எனக்காக நீங்க அங்க வந்து நாள் முழுக்கக் குந்தியிருக்காதீங்க" என்று. வாரத்தில் மூன்று நாள் பட்டறை சாத்திக் கிடப்பது அவளுக்கு உறுத்தியிருக்கிறது. நான் காதில் வாங்கவில்லை. என் பேச்சே பேச்சு என்று இருந்துவிட்டேன். கட்டிய கணவன் கேட்கவில்லை என்றதும், கவர்ன்மென்ட்டையே கூப்பிட்டுச் சொல்ல வைத்திருக்கிறாள். என்னைக் கேட்டால், தங்கள் அலுவலகம் இரண்டே நாளில் நடவடிக்கை எடுத்த ஒரே மனு அவளுடையதாகத்தான் இருக்கும். உத்தரவைப் பிரித்துப் படித்தவள், அதைப் போனில் படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுத்தான் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். இவ்வளவும் செய்து அவள் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தை, நான் அந்த வண்டியின் பின்னாலேயே போய்த் தடுப்புக் கம்பி ஓரம் நின்று தீர்த்தேன். அவள் உள்ளேயிருந்து என்னைப் பார்த்திருப்பாள். என்ன நினைத்திருப்பாளோ, எனக்கு நினைத்துப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. தனக்கு எது வலிக்கும் என்பதை மட்டும் அவள் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்திருந்தாலும் அந்தக் கடிதத்தை எழுதித்தான் இருப்பாள்.

14. ஆகவே என் கோரிக்கைகளைக் கீழ்க்கண்டவாறு மாற்றிக்கொள்கிறேன்.

ஐந்தாம் பத்தியில் உள்ள மூவர் மீதும் எந்த விசாரணையும் வேண்டாம். கண்ணாடிக்கடைக்காரரும் டைப்பிஸ்ட் அக்காவும் என்னை மன்னிக்க வேண்டும். மைத்துனர் விஷயத்தில் மட்டும் பாதிச் சந்தேகத்தை நான் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவளால் தபால் பெட்டி வரை நடக்க முடியாது, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டைப் பையில் என்ன இருந்தது என்பது எனக்கு இப்போது புரிகிறது. அதற்காக அவர் மேல் கோபம் இல்லை.

என் வேன் லாரியாகவே இருக்கட்டும். அதைக் கார் என்று திருத்தினால் மருத்துவமனை வண்டி நின்றுவிடும். பகலில் தெருவில் நிறுத்தும் இடத்தைக் கண்ணாடிக்கடைக்காரர் எடுத்துக்கொள்ளட்டும், நான் பின்சந்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

சரக்கு வாகனத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், சரக்கோடு வரும் உதவியாளர் ஒருவர் உட்காரலாம் என்று டேப் அவர்களே இன்று சொன்னார். நல்ல மனிதர், ஆணி விஷயத்தைக் கேட்டு மிகவும் வருத்தப்பட்டார். அந்த இடத்தில் இருக்கும் சிறிய சீட்டை எடுத்துவிட்டு, நான் செய்த சாய்வு சீட்டை அதே நான்கு போல்ட்டில் வைக்க வேண்டும். முன்சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள தடுப்புப் பலகையை இரண்டு சாண் பின்னால் தள்ளினால் சீட் முழுதாகச் சாயும். அதற்குத் தாங்கள் இடம் தர வேண்டும். இன்று முதல் என் மனைவியை என் பட்டறையில் உதவியாளராக வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். அவளுக்கு அது இன்னும் தெரியாது. காலையில் அவள் ஆசைப்பட்டபடி மருத்துவமனை வண்டியிலேயே போகட்டும், நான் பட்டறையில் இருப்பேன், சத்தியமாகப் பின்னால் போக மாட்டேன். திரும்பும்போது மட்டும் நான் போய்க் கூட்டி வருவேன். மருத்துவமனை வாசலிலிருந்து தடுப்புக் கம்பி அறுபத்திரண்டு அடி. அவ்வளவு தூரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவளால் நடக்க முடியும்.

15. இதை அனுமதி என்று எழுத வேண்டாம் ஐயா, உத்தரவு என்று எழுதுங்கள். அனுமதி என்றால், எதுக்கு வீண் சிரமம் என்று அவள் என்னைத் தடுத்துவிடுவாள். அரசாங்க உத்தரவு என்றால் மறுபேச்சு பேச மாட்டாள், அதில் அவளுக்கு நம்பிக்கை அதிகம் என்பது தங்களுக்கே தெரியும். திரும்பும் வழியில் உதவியாளர் சரக்கு வாகனத்தில்தான் வர வேண்டும் என்று ஒரு வரி, ஒரு முத்திரை. அது போதும்.

பதிலைப் பட்டறை முகவரிக்கே அனுப்ப வேண்டுகிறேன். வீட்டுக்கு வரும் கடிதங்களை அவள்தான் பிரிக்கிறாள். தெருவில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், அவளை மட்டும் இன்னும் சந்தேகப்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும்.

இரண்டு தேதிகளில் எழுதிய இந்த மனுவின் எல்லாப் பக்கங்களுக்கும் நானே பொறுப்பு,

(ஒப்பம்)
குஷன் கடைக்காரர்

இடம்: பட்டறை
நாள்: வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி

இணைப்புகள்:
1. ஆய்வாளர் அறிக்கையின் நகல்.
2. நான்கு போல்ட் துளைகளின் புகைப்படம், விரிப்பை நீக்கி எடுத்தது.
3. உதவியாளர் நியமனக் கடிதம், ஒன்று.
4. மொட்டைக் கடிதத்தின் நகல் இணைக்கப்படவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.